ஷூ மாட்டத் தெரியாத சிறுமி

அன்புள்ள ஐயா,

சிறுவர் நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் 11 வயதுப் பையன், முன்கோபி. கோபம் வந்தால் தங்கையின் சாமான்களைப் போட்டு உடைப்பான். பிறகு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, ஒரு பழைய ரேடியோவைக் கழற்றிக் கழற்றி மாட்டுவான். 9ஆம் அத்தியாயத்தில் தாத்தா அவனை உட்காரவைத்துப் பேசுகிறார். அவன் அழுது திருந்துகிறான். படித்துப் பார்த்த என் மகள், "அதுக்கப்புறம் வர்றது வேற பையன்மா" என்று சொல்லிவிட்டாள். கதாபாத்திரம் வளரத்தானே வேண்டும்? எங்கே தவறினேன்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகளை நம்புங்கள். அவன் முரடனாகவே இருக்கட்டும் என்று அவள் கேட்கவில்லை. 8 அத்தியாயம் கூடவே வந்தவனைக் காணோமே என்று தேடுகிறாள்.

எனக்கும் சிறுவயதில் அப்படி ஆனது. 1883இல் புத்தகமாக வந்த கார்லோ கொலோடியின் 'பினோக்கியோ'வின் முடிவில் மரப்பொம்மை நிஜப் பையனாகிவிடுகிறான். நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் பழைய பொம்மையைப் பார்த்து, அப்போது எத்தனை கோமாளித்தனமாக இருந்திருக்கிறேன் என்கிறான். அந்தப் பக்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் நேசித்தவன் அந்த நாற்காலியில் அல்லவா கிடந்தான்!

இதற்கு நேர் எதிராக ஒரு சிறுமியைக் காட்டுகிறேன். ஃபிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1911இல் வெளியிட்ட 'தி சீக்ரெட் கார்டன்' நாவலின் மேரி லெனக்ஸ். காலராவில் பெற்றோரை இழந்து, இந்தியாவிலிருந்து யார்க்‌ஷரில் மாமா வீட்டுக்கு வருகிறாள். முதல் நாள் காலை, வேலைக்காரப் பெண் மார்த்தாவின் முன்னால் பேசாமல் காலை நீட்டுகிறாள். ஷூவை நீயே மாட்டிக்கொள்ள மாட்டாயா என்கிறாள் மார்த்தா. "ஆயாதான் மாட்டிவிடுவாள். அதுதான் வழக்கம்." மேரியின் பதில் அவ்வளவுதான். திமிர்கூட இல்லை, வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது.

மார்த்தாவின் அம்மா மேரிக்குப் புத்திமதி சொல்லி அனுப்பவில்லை. இரண்டு பென்னிக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்தனுப்புகிறாள். முதலில் 20 வரைதான் மேரியால் குதிக்க முடிகிறது. மூச்சு வாங்குகிறது, கன்னம் சிவக்கிறது, பசிக்கிறது. மாற்றம் உடம்பில் தொடங்குகிறது.

ஆனால் அதன் விதை முதல் அத்தியாயத்திலேயே கிடக்கிறது. இந்தியாவில், வேலைக்காரியைத் திட்ட வேண்டிய வசவுகளை முணுமுணுத்தபடி, சின்னச் சின்ன மண் குவியல்களில் செம்பருத்திப் பூக்களைச் செருகிப் பாத்தி கட்டி விளையாடுகிறாள். எரிச்சலும் தோட்டமும் ஒரே கையில்! பின்னால், மாமா வீட்டில் பூட்டிக் கிடக்கும் தோட்டத்துக்குள் போகும்போது அவள் புது ஆளாகப் போகவில்லை.

கோபமும் அவளை விட்டுப் போவதில்லை. மாமா மகன் காலின், முதுகில் கூன் விழப்போகிறது, சாகப்போகிறேன் என்று நம்பி நடுராத்திரியில் அலறுகிறான். பெரியவர்கள் நடுங்கி நிற்கிறார்கள். மேரி உள்ளே ஓடி, நிறுத்து, இன்னொரு முறை கத்தினால் உன்னைவிடப் பலமாக நான் கத்துவேன் என்று கத்துகிறாள். அவன் முதுகைக் காட்டச் சொல்லி, குனிந்து பார்த்து, ஊசிமுனை அளவு கட்டிகூட இல்லை என்கிறாள். வீட்டில் ஒருவரும் அவனிடம் இப்படிப் பேசியதில்லை. இந்தியாவில் கோபம் வந்தால் ஆயாவை அறைந்த அதே சிறுமியின் அதே கோபம்தான் அங்கே மருந்தாகிறது.

ஆயா இறந்தபோது மேரி அழவில்லை. ஆனால் தூக்கம் வராத காலினின் கையைத் தடவிக்கொடுத்து, ஆயா தனக்குப் பாடிய இந்துஸ்தானிப் பாட்டை மெல்லிய குரலில் பாடுகிறாள். மனம் வருந்தினாள் என்று ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறேன்.

நாவலில் குறைகளும் உண்டு. மேரியின் நோஞ்சான் உடம்புக்கு இந்திய வெயில்மேல் பழி போடுவது எனக்கு உறுத்துகிறது. பிற்பகுதியில் காலின் கதையை எடுத்துக்கொள்ள, மேரி ஓரத்துக்குப் போய்விடுகிறாள். அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

இப்போது உங்கள் பையன். தாத்தாவின் பேச்சை அப்படியே எடுத்துவிடுங்கள். தாத்தா இருக்கட்டும், அவர் அவனிடம் ஒரு வேலையைக் கொடுக்கட்டும். அவன் உடைத்த தங்கையின் சாமான் ஒன்று இன்னும் வீட்டில் எங்கேயோ கிடக்கும் அல்லவா? அதைக் கழற்றவும் மாட்டவும் தெரிந்த கை அவனுடையதுதான். முதல் தடவை சரியாக வராது, கோபம் வரும், மறுபடியும் எதையாவது விட்டெறிவான். எறியட்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ரேடியோ. அது 9ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால், உங்கள் மகள் தேடும் பையன் இன்னும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான்.

திருத்தி எழுதியதும் முதலில் அவளிடமே கொடுங்கள். பிறகு எனக்கும் அனுப்புங்கள், ஆவலோடு படிப்பேன்.

அன்புடன்.