தனக்கு எது பிடிக்கும் என்பதிலேயே ஒருவர் ஏமாற முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் எந்த இடத்தில் ஏமாறுகிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த நொடியில் இனிக்கிறதா, கசக்கிறதா என்பதில் பிசகு குறைவு. நேற்று எப்படி இருந்தது, நாளை எப்படி இருக்கும், ஏன் பிடித்தது என்று கேட்கும்போதுதான் சறுக்குகிறோம்.

இதில் 'ஏன்' ரொம்ப மோசம். ஸ்வீடனைச் சேர்ந்த பெட்டர் ஜோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவின் ஆய்வு 2005இல் வெளிவந்தது. இரண்டு முகப் படங்களைக் காட்டி, எது அழகு என்று கேட்டார்கள். தேர்ந்தெடுத்த படத்தைக் கையில் கொடுக்கும்போது சில முறை மட்டும் கைவித்தையாக மற்ற படத்தைக் கொடுத்தார்கள். பெரும்பாலான முறை யாருக்கும் தெரியவில்லை. தான் ஒதுக்கிய முகத்தையே ஏன் பிடித்தது என்று சரளமாகக் காரணமும் சொன்னார்கள்! இதை வைத்து மனிதருக்கு விருப்பமே கிடையாது என்பது மிகை. காரணம் சொல்லும் திறமை விருப்பத்தைப் பார்க்காமலேயே வேலை செய்யும் என்பதுவரைதான் தெரிகிறது.

நினைவும் லேசுப்பட்டதல்ல. உளவியலாளர் டேனியல் கானமன் குழுவின் 1993 சோதனையில் ஒரு கையை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி வைக்க வேண்டும். இன்னொரு சுற்றில் அதே 60 விநாடியோடு கூடுதலாக 30 விநாடி; அதில் நீர் மெதுவாக 15 டிகிரிக்கு ஏறும். திரும்பச் செய்ய எது சம்மதம் என்றதும் பெரும்பாலோர் நீண்ட சுற்றையே கேட்டார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததில், அதிகம் பட்ட வேதனை கணக்கில் வரவில்லை.

உங்களையே சோதிக்க: ஒரு வாரம், சீரற்ற நேரங்களில் அலாரம். அடித்ததும் என்ன செய்கிறீர்கள், 0 முதல் 10க்குள் எவ்வளவு பிடிக்கிறது, அவ்வளவே. காரணம் எழுதாதீர்கள், எழுத ஆரம்பித்தால் சொல்ல எளிதான காரணத்தின் பக்கம் மதிப்பெண்ணே சாய்ந்துவிடும். குறித்த நேரத்து அலாரமும் ஆகாது, மனம் முன்கூட்டியே பதிலைத் தயார் செய்துகொள்ளும். வாரக் கடைசியில் குறிப்பைப் பார்க்காமல், நினைவிலிருந்து மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள்.

சுவை விஷயமென்றால் மூன்று கோப்பை: இரண்டில் உங்களுக்குப் பிடித்த பானம், ஒன்றில் அதேபோன்ற வேறொன்று. எது வேறு என்று சுவைத்துச் சொல்ல வேண்டும். வேறொருவர் ஊற்றி, உங்களுக்குத் தெரியாமல் இடம் மாற்ற வேண்டும். சூடும் கோப்பையும் ஒன்றாக இருக்க வேண்டும். குருட்டாம்போக்கிலேயே மூன்றில் ஒரு முறை சரியாக வரும், அதனால் ஆறு சுற்றில் குறைந்தது ஐந்திலாவது சரியாகச் சொல்லித் தேற வேண்டும். தேறாவிட்டால் உங்களுக்குப் பிடித்தது அநேகமாக லேபிள். அதற்காக அந்த இன்பம் பொய்யாகிவிடாது: விலை அதிகம் என்று சொல்லிக் கொடுத்த ஒயினுக்கு, இன்பத்தோடு தொடர்புடைய மூளைப் பகுதியே கூடுதலாக இயங்கியதை 2008இல் வெளிவந்த ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.