உங்கள் வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் எனக்குக் கவலை

கேள்வி: முதுகலை இசை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தொடக்கப் பள்ளிகளில் இசை கற்பித்தல் பற்றியது என் ஆய்வேடு. திங்கட்கிழமை உற்சாகமாகத் தொடங்கும் வாரம், செவ்வாய்க்கிழமை நெறியாளர் அறையில் சரிந்துவிடுகிறது. குழந்தைகளுக்குப் பாட்டின் வழியே இசை கற்பிக்கும் கொடாய் முறை பற்றிய இரண்டாம் இயலில், “நூல்கள் இருக்கின்றன, வகுப்பறை எங்கே?” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். புதன்கிழமை பைரவி ராக வர்ணம் இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், தடுமாறுகிறது. வியாழக்கிழமை சாதகம் செய்யவே தோன்றுவதில்லை. வெள்ளிக்கிழமை மட்டுமே ஆறுதல். பயிற்சிக்காகப் போகும் பள்ளியில், அடுத்த மாத ஆண்டு விழாவுக்கு மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் என் குரலுக்கேற்ற ஒரு கட்டைச் சுருதியில் அருமையாகச் சேர்ந்து பாடினார்கள். ஒரு பெண் மட்டும் மற்றவர்களுக்குக் கீழே முனகிக்கொண்டிருந்ததால், அவளை வாயை மட்டும் அசைக்கச் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை பாராட்டினார். பேருந்து நடத்துநரான என் அப்பாவிடம் வாராவாரம் இந்த வெள்ளிக்கிழமைக் கதையை மட்டும் சொல்கிறேன். மற்ற நாட்களைச் சொல்ல மனம் வருவதில்லை. இப்படி ஏறி இறங்கும் மனத்தோடு இந்தப் படிப்பைத் தொடரத்தான் வேண்டுமா?

பதில்: தம்பி, நெறியாளரின் திருத்தமும் படியாத வர்ணமும் இந்தப் படிப்புக்கு வருகிற எல்லோரும் கடந்து போகிறவை. இவற்றுக்கு ஆறுதல் எழுதுவதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிறது. திரும்பி வந்த இயலை மறுபடி எழுத வேண்டும். இரண்டாம் காலம் நிற்கவில்லை என்றால் முதற்காலத்தை இன்னும் பல நாள் பாட வேண்டும். நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. வெள்ளிக்கிழமை நன்றாகப் போயிற்று என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி பாட வாய் திறந்தாள். இசை கற்பிப்பதையே மேற்படிப்பாக எடுத்துக்கொண்ட நீங்கள் அவளைப் பாட வேண்டாம் என்று சொன்னீர்கள். அதை அரை வாக்கியத்தில் முடித்துவிட்டுத் தலைமையாசிரியையின் பாராட்டுக்குப் போய்விட்டீர்கள். நெறியாளர் எழுதிய வரியை எழுத்துப் பிசகாமல் எனக்கு எடுத்து எழுதத் தெரிந்த உங்களுக்கு, நீங்கள் அப்படிச் சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம் எப்படிப் போயிற்று என்று ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. நீங்கள் அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் வாரத்தில் செவ்வாயும் புதனும் உங்களை மட்டும் வருத்தின. வெள்ளிக்கிழமை இன்னொரு வீட்டுப் பிள்ளையை வருத்தியிருக்கிறது. உங்கள் வாரத்தின் மிக மோசமான நாள் அதுதான்.

இந்தப் பகுதிக்கு எழுதும் பெண்களில், வேறு ஏதோ துயரத்தைச் சொல்லிக்கொண்டு வரும்போதே “எனக்குப் பாட்டெல்லாம் வராது” என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எப்போது அப்படித் தெரிந்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரு பள்ளி விழாவும் ஒரு ஆசிரியர் சொன்ன ஒரு வாக்கியமும்தான் காரணமாக இருக்கும். பிறகு அவர்கள் தாயானாலும், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கைப்பேசியில் தாலாட்டை ஓடவிடுகிறார்கள். நம் வீடுகளில் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் மேடைக் குரல் உள்ளவர்களால் மட்டும் வாழ்ந்தவை அல்ல. கரகரத்த குரலோடு பாட்டிகள் பாடினார்கள், அதைக் கேட்டுப் பிள்ளைகள் உறங்கினார்கள். பாடக் கூச்சப்படும் தாய் உள்ள வீட்டில் அந்த வரிசை அறுந்துவிடுகிறது. ஒரு பெண் குழந்தையின் வாயை மூடும் ஆசிரியர், இன்னும் பிறக்காத ஒரு குடும்பத்திடமிருந்தும் எதையோ எடுத்துக்கொள்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

இதில் எனக்குக் கோபம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவள் ஏன் சேரவில்லை என்பதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் அடிப்படை ஸ்வரமான ஷட்ஜத்துக்கும், எட்டு வயதுப் பிள்ளையின் குரல் இயல்பாக எழும் இடத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு முழு ஸ்தாயி, அதாவது ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த மேல் ‘ஸ’ வரையிலான தூரம், இருக்கிறது. நீங்கள் பாடிக் காட்டும்போது பெரும்பாலான பிள்ளைகள் தங்களை அறியாமலே ஒரு ஸ்தாயி மேலே தூக்கிப் பாடிவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு அந்தத் தாவல் பிடிபடுவதில்லை. கேட்ட ஒலியைக் கேட்ட இடத்திலேயே பிடிக்கப் பார்க்கிறார்கள், அவ்வளவு தாழ்ந்த ஒலி அந்தச் சின்னத் தொண்டையில் இல்லாததால் அது முனகலாக நின்றுவிடுகிறது. ஆண் குரலைப் பின்பற்றும்போது தடுமாறும் பிள்ளைகள், ஒரு பெண் குரலையோ இன்னொரு பிள்ளையின் குரலையோ கேட்டால் எளிதாகச் சேர்ந்துவிடுவது இசைக் கல்வியில் நன்கு அறியப்பட்ட செய்தி. தேர்வில் கேட்டிருந்தால் ஒரு பக்கம் எழுதியிருப்பீர்கள். அந்த வகுப்பிலேயே உங்கள் குரலை மிகக் கவனமாகக் கேட்டவள் அவளாகவே இருக்கலாம், தம்பி.

அவளிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட பாட்டு எது என்பதையும் யோசித்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, அதை முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மூன்று மூன்றாக எண்ணும் மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று அரசாணையே வகுத்துச் சொன்னது. மோகனத்தில் அரைச்சுர நெருக்கம், அதாவது இரண்டு ஸ்வரங்கள் ஒட்டி நிற்கும் மிகச் சிறிய இடைவெளி, எங்கும் இல்லை. ஐந்து ஸ்வரமும் ஒன்றுக்கொன்று தாராளமாக விலகி நிற்பவை. சின்னக் குழந்தைகளுக்கு அரைச்சுரம் கடினம் என்பதால்தான் ஹங்கேரிய இசையறிஞர் ஸோல்தான் கொடாய் ஐந்து ஸ்வர நாட்டுப் பாட்டுகளிலிருந்து தொடங்கச் சொன்னார். ஊர்க் குழந்தைகள் எல்லோரும் தினமும் பாட வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தில்தான் 1950இல் ஹங்கேரியின் கெச்கெமெட் நகரத்தில் ஒரு பாட்டுப் பள்ளி தொடங்கியது. இத்தனையும் உங்கள் இரண்டாம் இயலில் இருக்கும். வகுப்பறை எங்கே என்று நெறியாளர் கேட்டதற்கு விடை, வாயை அசைத்துக்கொண்டு உங்கள் முன்னாலேயே நின்றது.

வரும் வெள்ளிக்கிழமை முதல் மணி அடிப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போங்கள். அவளைத் தனியே நிறுத்திப் பரீட்சை வைக்காமல், தோழிகள் இரண்டு பேரோடு வராந்தாவில் உட்காரவையுங்கள். முதலில் நீங்கள் பாடாதீர்கள். அவளையே ஏதாவது ஓர் ஒலியை ‘ஆ’ என்று அகாரமாக நீட்டச் சொல்லி, அவள் நிற்கும் இடத்துக்குச் சுருதிப் பெட்டியை நீங்கள் திருப்பிக் கொண்டுவாருங்கள். தன் குரலும் பெட்டியின் ஒலியும் ஒன்றாக இழைவதை அவள் காது ஒருமுறை கேட்டாக வேண்டும். இதுவரை அந்த அனுபவம் அவளுக்கு நேர்ந்திருக்காது. பிறகு அரைக் கட்டையாக மேலே ஏற்றுங்கள். தெருக்கோடியில் நிற்பவளைக் கூப்பிடுவதுபோலத் தோழியின் பெயரைக் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிடும் குரல் பேச்சுக் குரலைவிட உயரத்தில் எழும். அது பெரும்பாலும் பஞ்சமத்திலிருந்து (ப) அந்தர காந்தாரத்துக்கு (க) இறங்குவதாக இருக்கும். கொடாய் முறை தொடங்கும் இடமும் அதுவே, மோகனத்தில் அடுத்தடுத்து நிற்கும் ஸ்வரங்களும் அவையே. அங்கிருந்து பாட்டின் ஒரு வரிக்குப் போகலாம், அதையும் முதலில் தோழி பாடிக் காட்டட்டும். இத்தனைக்குப் பிறகும் அவள் ஒலிக்குத் திரும்பவே இல்லை என்றால், காது சரியாகக் கேட்கிறதா என்று பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டச் சொல்லுங்கள். பேச்சைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கும் செவிக்குறை இருக்கலாம், வீட்டில் கவனித்திருக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இதையெல்லாம் ஆய்வேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கும் என்பதற்காகச் செய்யாதீர்கள். அவளிடம், “நான் சொன்னது தப்பும்மா, நீ பாடணும்” என்று தோழிகள் கேட்கும்படி முதலில் சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். நாள் முழுக்க நெரிசலில் நின்றுகொண்டு சீட்டுக் கொடுக்கிறவர் அவர். படியில் தொங்கிய ஒரு பிள்ளையை வழியில் இறக்கிவிட்டேன், அதற்குப் பிறகு வண்டி அருமையாக ஓடியது என்று ஒருநாள் இரவு அவர் வந்து சொன்னால் நீங்கள் பாராட்டுவீர்களா? அவரிடம் நீங்கள் சொல்லிவரும் வெள்ளிக்கிழமைக் கதை அப்படிப்பட்டதுதான். பிள்ளைகள் பெற்றவர்களுக்குச் செய்ய வேண்டியவற்றில் சம்பாதித்துப் போடுவதற்கு முன்னால் வருவது நடந்ததை நடந்தபடி சொல்வது. செவ்வாயையும் புதனையும் அவரிடம் சொல்லுங்கள், இந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்லுங்கள். மகனுடைய தோல்வியைத் தாங்க முடியாத அளவுக்கு அந்த மனிதர் பலவீனமானவர் என்று முடிவு செய்ய உங்களுக்கு உரிமை இல்லை.

படிப்பைத் தொடர வேண்டுமா என்று கேட்டீர்கள். அந்தப் பிள்ளையிடம் திரும்பிப் போக மனம் வரவில்லை என்றால் தொடர வேண்டாம். கச்சேரி செய்யுங்கள், வேறு வேலை பாருங்கள், பள்ளிக்கூடத்துக்குள் வராதீர்கள். போக மனம் வந்தால், விழா மேடையில் சுருதி சுத்தமான இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே அவளை நிறுத்துங்கள். அதற்குள் குரல் முழுவதும் சேர்ந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்; கொஞ்சம் விலகி ஒலித்தால் விலகியபடியே பாடட்டும். தலைமையாசிரியை முகம் சுளித்தால் அது உங்கள் முடிவு என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். அதற்காகப் பயிற்சி மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.