வரிக்குதிரை செத்த இடத்துப் புல்

அன்புள்ள ஐயா,

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயின் உலக வரைபடம் பற்றி எழுதியிருந்தீர்கள். மண்ணைத் தோண்டிப் பார்க்காமல், மழையையும் மண்வகையையும் கம்ப்யூட்டரில் போட்டு ‘இங்கே கிருமி இருக்கும்’ என்று வண்ணம் அடிப்பது ஜோசியம் போல இல்லையா? மாட்டு நோய்க்கு வரிக்குதிரையை எதற்கு எண்ண வேண்டும்? எங்கள் ஊரில் மாடு திடீரென்று செத்தால் குழியில் போட்டு மேலே சுண்ணாம்பு கொட்டுவோம். அதோடு முடிந்தது.

க., தருமபுரி

அன்புள்ள க.,

சுண்ணாம்புக்குக் கடைசியில் வருகிறேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

அடைப்பான் கிருமி, செத்த விலங்கின் ரத்தம் வெளியே வந்து காற்றுப் பட்டதும் விதை மாதிரி ஓர் உறைக்குள் ஒடுங்கிவிடும். 1876இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டு சொன்னது இது. அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். ஆனால் எல்லா மண்ணும் அதற்கு ஒத்துவராது. சுண்ணாம்புச் சத்தும் கொஞ்சம் காரத்தன்மையும் உள்ள மண்ணில் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அமில மண்ணில் அவ்வளவாக நிலைக்காது. இப்படி மண்ணில் தேர்வு இருப்பதால்தான் வரைபடம் போடவே முடிகிறது. நோய் வந்த இடங்களின் மழை, வெயில், மண், பசுமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அதே சேர்க்கை வேறெங்கே உண்டு என்று ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

2019இல் வெளியான வரைபடத்துக்கு 70 நாடுகளிலிருந்து 5,108 பதிவுகள் சேர்த்தார்கள். ஆபத்துள்ள பகுதிகளில் 183 கோடிப் பேர் வசிப்பதாகக் கணக்கு வந்தது. கூடவே, அது 59 கோடியாகவும் இருக்கலாம், 416 கோடியாகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எந்த ஜோசியர் இப்படிச் சொல்வார்? அந்தப் பெரிய எண்ணை விட எனக்கு முக்கியமாகப் பட்டது, அதே பகுதிகளில் இருக்கும் 6.38 கோடி ஏழைக் கால்நடை வளர்ப்பாளர்கள். செத்த மாட்டைத் தொடப்போகிறவர்கள் அவர்கள்தானே.

சரி, வரிக்குதிரை. நமீபியாவின் எடோஷா தேசியப் பூங்காவில் அதற்கு ஊசி போடுவாரில்லை, புதைப்பாரும் இல்லை. நோய் தன் போக்கில் போவதை அங்கே பார்க்கலாம். வரிக்குதிரை செத்துக் கிடந்த இடத்தை முதலில் மற்ற விலங்குகள் ஒதுக்குகின்றன. அப்புறம் ரத்தமும் சதையும் உரமாகி, சுற்றிலும் இல்லாத பச்சையில் அங்கே மட்டும் புல் தழைக்கிறது. அதைத் தேடி வரும் வரிக்குதிரை புல்லோடு சேர்த்து மண்ணையும் தின்கிறது. வரிக்குதிரைகள் அதிகம் சாவது மழைக்காலம் முடியும்போது. யானைகளோ வறண்ட மாதங்களில். மண்ணும் கிருமியும் ஒன்றுதான், மேய்ச்சல்தான் வேறு. சில மீட்டர் அகலமே உள்ள அந்தப் பச்சைத் திட்டு எந்த உலக வரைபடத்திலும் தெரியாது.

வரைபடம் ஏமாற்றும் இடமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில், ‘தாய்’ (Taï) என்ற மழைக்காட்டில் 2001இல் சிம்பன்ஸிகள் அடைப்பான் போன்ற நோயில் செத்தன. பார்த்தால், அடைப்பானின் நஞ்சு மரபணுக்களைச் சுமந்த வேறொரு கிருமி, அதன் பங்காளி. அதற்கு ஈரக்காடுதான் வீடு. ஆக, அதற்குத் தனி வரைபடம் போட வேண்டும். வெளிறிய நிறத்தைப் பார்த்து ‘இங்கே இல்லை’ என்று நிம்மதியாகிவிட முடியாது.

இப்போது உங்கள் சுண்ணாம்பு. வித்துக்குப் பிடித்ததே சுண்ணாம்புச் சத்து என்றேன் அல்லவா? நீங்கள் கொட்டுவது அதைக் காப்பாற்றவே உதவலாம் என்பதால் வல்லுநர்கள் அதை வேண்டாம் என்கிறார்கள். குழி மட்டும் போதாது. புதைத்த இடத்திலிருந்து மண்புழுக்கள் வித்தை மேலே கொண்டுவரும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் அந்தக் காலத்திலேயே சொன்னார். மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்து மாடு செத்தால் அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள். அறுக்காத உடலுக்குள் கிருமி வித்தாக மாறாமல் அழுகலிலேயே செத்துப்போகும். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். முடிந்தால் முழுதாக எரித்துவிடுவதே நல்லது.