சும்மா கிடைத்த ஸ்னோமொபைல்: செலவை யார் கணக்கில் எழுதுவது?

கேள்வி: மச்சான் வீட்டுக் கொட்டகையில் பல வருடமாகக் கிடந்த பழைய கிட்டி கேட் ஸ்னோமொபைலை (பனியில் ஓடும் குழந்தை வண்டி) எனக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார். மகளுக்கு 6 வயது. வரும் பனிக்காலத்துக்குள் சரிசெய்து அவளை ஓட்டவைக்க ஆசை. கயிற்றை இழுத்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. வண்டிக்கு அடியில் சுற்றும் ரப்பர் பட்டையான ட்ராக்கில் வெடிப்பு இருக்கிறது. இதில் பணத்தைக் கொட்டுவதற்குப் பதில் புதிய 120 சிசி குழந்தை வண்டியே வாங்கிவிடலாம் என்கிறார் மனைவி. இதற்கென்று தனியாகப் பணம் இல்லை. அவசரச் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா, கிரெடிட் கார்டில் தவணையாகப் போடலாமா? பழைய வண்டிக்குப் பின்னால் நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள், அப்படியானால் இது முதலீடுதானே?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முதலீடு இல்லை. 1972-லிருந்து 1999 வரை ஆர்க்டிக் கேட் நிறுவனம் தயாரித்த அந்தக் குட்டி 60 சிசி வண்டிக்குப் பிரியர்கள் இருக்கிறார்கள், நல்ல நிலையில் இருந்தால் வாங்க ஆள் வரும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் வாங்க வருகிறவர் வண்டிக்குத்தான் விலை சொல்வார், நீங்கள் அதற்குச் செய்த செலவுக்குச் சொல்ல மாட்டார். உதிரிபாகம், பெயிண்ட், கொட்டகையில் கழிந்த உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் போட்டது திரும்பி வருவது அபூர்வம். அதிலும் குழந்தை ஓட்டப்போகிற வண்டி, முதல் வாரத்திலேயே எதிலாவது இடித்துக் கீறல் விழும். விழட்டும், அதற்குத்தானே தயார் செய்கிறீர்கள்.

அப்படியானால் இது என்ன செலவு? உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் மகள் வருகிற இடம் ஒன்றிரண்டுதான், மற்றதெல்லாம் இன்ஜினும் ட்ராக்கும். தப்பாக நினைக்காதீர்கள், இது உங்கள் பொழுதுபோக்கு. அது குற்றமும் இல்லை. ஆனால் செலவை மகள் பெயரில் எழுதினால் கை கணக்குப் பார்க்காது, ‘குழந்தைக்குத்தானே’ என்று ஒவ்வொரு பாகமாக வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் கைச்செலவுக் கணக்கில் எழுதுங்கள், தானாகக் கை சுருங்கும். நானே ஒரு பழைய மொபெட்டை வைத்துக்கொண்டு இப்படித்தான் கெட்டேன். முதலில் பெயிண்ட் அடித்தேன், இன்ஜினை அப்புறம் திறந்தேன். பளபளவென்று ஓடாத வண்டி ஒன்று இரண்டு வருடம் வீட்டில் நின்றது.

ஆகவே அவசரச் சேமிப்பைத் தொடவே தொடாதீர்கள், கார்டிலும் போடாதீர்கள். தவணை முடிவதற்குள் அவள் வளர்ந்துவிடுவாள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 6 வயதுக் குழந்தைக்கு அந்தச் சின்ன வண்டி இரண்டு மூன்று பனிக்காலத்துக்குச் சரியாக இருக்கும், அதற்கு மேல் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். வேலை ஒரு பனிக்காலம் தள்ளிப்போனாலே பயன்படும் நாளில் மூன்றில் ஒரு பங்காவது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஒரு பாகம்கூட வாங்குவதற்கு முன்னால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள், அதை அளக்கும் கருவியை இரவல் வாங்கினாலும் போதும். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் உங்கள் கோளாறு பெரும்பாலும் மலிவான பக்கத்தில்தான் இருக்கும்: பழைய பெட்ரோல் காய்ந்து கோந்தாகி கார்புரேட்டரின் சின்னத் துளைகளை அடைத்திருக்கும், பெட்ரோல் குழாய் விறைத்து வெடித்திருக்கும், ஸ்பார்க் பிளக் செத்திருக்கும், ஏர் பாக்ஸில் எலி கூடு கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. இவை பொறுமை கேட்கிற வேலைகள், பெரிய பணம் கேட்காது. இன்ஜின் தண்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கிற ரப்பர் வளையமான கிராங்க் சீல் விஷயம் வேறு. வருடக்கணக்கில் சும்மா நின்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் சீல் காய்ந்து போயிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும், நன்றாக ஓடுவது போலவும் இருக்கும், ஆனால் அந்த வழியாகக் காற்று உள்ளே புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடவே எண்ணெய் கலக்காத பெட்ரோலை யாராவது ஊற்றிவிட்டால் கேட்கவே வேண்டாம். இன்ஜினைப் பிரித்து சீல் மாற்றவேண்டி வந்தால் அந்தக் கூலியையும் முதலிலேயே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

ட்ராக்கில் மேலோட்டமான வெடிப்பு என்றால் மெதுவாக ஓடுகிற அந்த வண்டிக்குக் கொஞ்ச காலம் தாங்கும். உள்ளே இருக்கிற துணி இழை தெரிகிறதென்றால் மாற்றத்தான் வேண்டும், பட்ஜெட்டில் பெரிய துண்டு அதுதான். கம்ப்ரஷனும் இல்லை, ட்ராக்கும் கிழிசல் என்றால் வண்டியை மச்சானிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அல்லது பாகத்துக்காக இன்னொரு செத்த கிட்டி கேட்டைத் தேடுங்கள். இரண்டாவது வண்டி வந்தால் மூன்றாவதும் வரும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. புதிய 120 சிசி வண்டிகளில் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின், எண்ணெய் கலக்கும் வேலை கிடையாது, பாகமும் எளிதில் கிடைக்கும். ஆனால் புதியதுதான் வாங்க வேண்டும் என்பதில்லை. குழந்தை வளர்ந்துவிட்டது என்று விற்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், பனி உருகியபின் கேட்டால் பேரமும் படியும். அப்படிப்பட்ட ஒரு வண்டியின் விலையில் பாதியை உங்கள் பழுதுச் செலவுக்கு எல்லையாக வையுங்கள். அதைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும், அதுவரை போட்டது போனதுதான்.

அந்த எல்லைக்குள் வராத சில செலவுகளும் உண்டு. ஹெல்மெட் புதியதாக, அவள் தலைக்கு அளவாக இருக்க வேண்டும், இரவல் வேண்டாம். பிரேக்கும், கீழே விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற கயிறு வைத்த கில் ஸ்விட்சும் பெயிண்டுக்கு முன்னால் வரவேண்டும். வீட்டுக் காப்பீடு இந்த மாதிரி வண்டியை ஏற்கிறதா, உங்கள் நிலத்துக்கு வெளியே போனாலும் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை விபத்தன்று உதவாது. குழந்தை ஓட்டுவதற்கான வயது விதி இடத்துக்கு இடம் மாறும், அதையும் முன்பே விசாரியுங்கள். இன்னொன்றும் இருக்கிறது, இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை: 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் ஸ்னோமொபைல் ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. வேகம் கட்டுப்படுத்திய குட்டி வண்டி, வேலி போட்ட சமதளம், பக்கத்திலேயே அப்பா என்றால் அபாயம் குறையும்தான், இல்லாமல் போகாது. கணவனும் மனைவியும் பண விஷயத்துக்கு முன்னால் இதை உட்கார்ந்து பேசுங்கள்.

சரி என்று முடிவானால் மாதம் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, அது சேரச் சேர மட்டும் பாகம் வாங்குங்கள். இந்த மாதம் எதுவும் வாங்க வேண்டாம். கம்ப்ரஷன் பார்த்துவிட்டு அந்த அளவை எனக்கு எழுதுங்கள், மகளின் உயரத்தையும் சேர்த்து.