ஃபாதர் மறுப்பது சரிதான்

சர்ச் கல்யாணம் முதலில், நகரசபையில் ரெண்டு வாரம் கழித்து என்று நாள் குறித்தால் ஃபாதர் மறுக்கிறார் என்கிறீர்கள். பிரான்சில் அவருக்கு வேறு வழியில்லை. 1792 முதலே அங்கே சட்டப்படி செல்லுபடியாவது நகரசபைக் கல்யாணம் மட்டும்தான். நகரசபைச் சான்றைப் பார்க்காமல் வழக்கமாக மணம் முடித்துவைக்கும் மதகுருவுக்கு 6 மாதச் சிறை, 7,500 யூரோ அபராதம் வரை போகலாம்.

நகரசபைத் தேதியை முன்னுக்கு இழுக்கப் பாருங்கள். அங்கே கல்யாண அறிவிப்பு ஒட்டி 10 நாள் ஆகணும். அதனால் நாளைக்கே போய்க் கேளுங்கள். காலையில் நகரசபை, கையோடு சான்றை வாங்கிக்கொண்டு மாலையில் சர்ச் என்று ஒரே நாளில் முடிப்பவர்களும் உண்டு. தேதி கிடைக்காவிட்டால் சர்ச் நாளைத்தான் தள்ளணும்.