தகட்டின் கனம் அல்ல, இணைப்புகளே முக்கியம்

வணக்கம் ஐயா. வேதாரண்யத்தில் உங்கள் மாடிமேல் போட்டிருந்த தகரக் கூரை 2018 நவம்பரில் கஜா புயலில் பறந்துபோனதாகவும், இம்முறை கனமான தகடு போட்டால் நிற்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. இத்தகைய கூரையைக் காற்று பெரும்பாலும் மேல்நோக்கி உறிஞ்சுகிறது. வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம் என்னும்போது, நான்கைந்து கிலோ தகடு எட்டு கிலோவானாலும் பொருட்டே அல்ல.

தகட்டிலிருந்து பர்லினுக்கும் (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), பர்லினிலிருந்து ட்ரஸுக்கும் (பர்லின்களைத் தாங்கும் முக்கோணச் சட்டகம்), அங்கிருந்து இரும்புத் தூண் வழியாகக் கட்டடத்தின் கான்கிரீட் தூணுக்கும் இழுவிசை இறங்கும் பாதை எங்கும் அறுபடக் கூடாது. உங்கள் படத்தில் தகடுகள் கிழியவில்லை. இரும்புத் தூண்கள் பேஸ் பிளேட்டோடு (தூணின் அடியில் போல்ட் போடும் தகடு) பெயர்ந்திருக்கின்றன. கைப்பிடிச் சுவரின் செங்கல்லில் இறக்கிய போல்ட் அவ்வளவுதான் தாங்கும். (பட்டறைக்காரர்கள் வேலை எளிது என்பதற்காகவே அங்கே துளையிடுகிறார்கள்.)

உறிஞ்சல் மிகுதியாக இருக்கும் ஓரங்களிலும் மூலைகளிலும் ஸ்குரூக்களை நெருக்கி, அகலமான வாஷருடன் போடச் சொல்லுங்கள். சுவருக்கு வெளியே நீளும் தாழ்வாரத்தைக் குறையுங்கள். நிலநடுக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: எடை குறைந்த கூரைக்கு அதில் விசை குறைவு என்பதால் அங்கே கவலை சிறியது. பழைய தூண்களின் கான்கிரீட்டை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து, காற்று விசைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின்படி கணக்கிட்டுத் தந்தபின் வேலையைத் தொடங்குங்கள்.