ஜெனரல் ஸ்டடீஸ் படித்தால் பிரயோஜனம் உண்டா?

கேள்வி: அக்கா, எனக்கு 39 வயது. மதுரையில் பி.எஸ்சி. கணக்கு இரண்டாம் வருஷம் முடித்த கையோடு கல்யாணம், படிப்பு அப்படியே நின்றுவிட்டது. 2011-ல் எச்-4 விசாவில் கலிஃபோர்னியாவுக்கு, ஃப்ரீமான்ட்டுக்கு வந்தேன். போன வருஷம்தான் கிரீன் கார்டு கிடைத்தது. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். இங்கே கம்யூனிட்டி காலேஜில் ஜெனரல் ஸ்டடீஸ் என்று ஒரு டிகிரி இருக்கிறதாம், பிடித்த பாடங்களாக எடுத்துக்கொள்ளலாமாம். நாத்தனாரோ 'அது பேருக்கு ஒரு டிகிரி, எதற்கும் உதவாது' என்கிறார். எனக்கு என்ன பிடிக்கும் என்றே சொல்லத் தெரியவில்லை. சாயங்காலம் பையனுக்கும் அவன் கூட்டாளிகள் மூன்று பேருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன், அவ்வளவுதான். நான் சேரலாமா?

பதில்: சேருங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு, அப்புறம் வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டே இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் 'பிடித்ததையெல்லாம் எடுக்கலாம்' என்பதை மட்டும் நம்பிச் சேராதீர்கள், நான் அப்படித்தான் சேர்ந்தேன்.

எனக்கு அப்போது 41 வயது. முதல் வருஷம் டைம் டேபிளில் கண்ணுக்குப் பட்டது, நேரத்துக்குத் தோதானது என்று நான்கு பாடம் எடுத்தேன். எல்லாமே நல்ல வகுப்புகள், நான்கிலும் ஏ. படிப்புக்கு வழிகாட்டும் கல்லூரி கவுன்சிலரிடம் போய் உட்கார்ந்தபோது அவர் கேட்டலாகை என் பக்கம் திருப்பி, பாட விவரத்தின் கடைசி வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். அங்கே சிஎஸ்யூ (கால் ஸ்டேட்), யூசி என்று கலிஃபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழகக் குடும்பங்களின் பெயரைப் போட்டிருந்தால்தான் அந்த யூனிட்டை, அதாவது பாடத்துக்குக் கிடைக்கும் கிரெடிட்டை, அங்கே கொண்டுபோக முடியும். என் பாடங்களில் இரண்டில் அந்த வரியே இல்லை. ஆறு யூனிட், பாதி செமஸ்டர் உழைப்பு. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதனால்தான் சொல்கிறேன், கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள். கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டு வருஷ டிகிரிக்கு அசோசியேட் டிகிரி என்று பெயர், அதற்கு மொத்தம் 60 யூனிட். அதில் இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், கலை, சமூக அறிவியல் என்று பொதுக்கல்விக்கு ஒரு பங்கு போய்விடும். இன்னொரு 18 யூனிட்டாவது ஏதாவது ஒரு துறையைச் சுற்றி இருக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா விதி. கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும், ஜெனரல் ஸ்டடீஸ் என்பார்கள், லிபரல் ஆர்ட்ஸ் என்பார்கள், விஷயம் ஒன்றுதான். இதெல்லாம் போக மிச்சம் இருப்பதுதான் உங்கள் இஷ்டம். அந்த 18 யூனிட்டை எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதில்தான் நாத்தனார் சொல்வது சரியா தப்பா என்பது இருக்கிறது.

என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே நான்கு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை 'அவ்வளவுதான்' என்று தள்ளிவிட்டீர்களே! யாரும் சம்பளம் கொடுக்காமல், யாரும் கட்டாயப்படுத்தாமல் தினமும் செய்கிற வேலை அது. உங்கள் 18 யூனிட் எங்கே போக வேண்டும் என்று எனக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

டைட்டில் ஒன் என்று ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் நிதியில் நடக்கும் அரசுப் பள்ளித் திட்டங்களில் வகுப்பறை உதவியாளராக, அதாவது பாராஎஜுகேட்டராகச் சேர, இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்போ அசோசியேட் டிகிரியோ வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். 2002-லிருந்து இதுதான் மத்திய அரசின் சட்டம். எந்தத் துறை டிகிரி என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை, ஜெனரல் ஸ்டடீஸ் போதும். பள்ளி வயதுக்கு முந்தைய சின்னக் குழந்தைகள் பக்கம் மனம் போனால், ஏர்லி சைல்ட்ஹுட் என்னும் மழலையர் கல்விப் பாடங்கள் 12 யூனிட் முடித்து 50 நாள் வேலை அனுபவமும் இருந்தால் அசோசியேட் டீச்சர் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம், டிகிரி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். முழு ஆசிரியராக வேண்டும் என்றால் பி.ஏ.யும் அதற்கு மேல் கிரெடென்ஷியல் என்னும் ஆசிரியர் உரிமமும் வேண்டும். அதற்கு உங்களுக்குப் பக்கத்திலேயே ஹேவர்டில் கால் ஸ்டேட் ஈஸ்ட் பே இருக்கிறது. அந்த வழிக்கென்றே 'அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்' என்று ஒன்று உண்டு, அதை முடித்தால் கால் ஸ்டேட் குடும்பத்தில் எங்காவது ஒரு இடம் உறுதி. உங்கள் கல்லூரியில் ஆரம்பப்பள்ளி ஆசிரியர் பிரிவில் அது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், இருந்தால் ஜெனரல் ஸ்டடீஸைவிட அதுதான் மேல். நர்ஸிங் மாதிரி லைசென்ஸ் வேலைகள் பக்கம் யோசனை இருந்தால் கதையே வேறு, அதற்கு இந்த டிகிரி வழி இல்லை.

பணத்துக்குப் பயப்படாதீர்கள். கலிஃபோர்னியாவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளுக்கு டைம் டேபிளில் தனியாக அடையாளம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து எடுங்கள். கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சா என்னும் மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பத்தையும் நிரப்பலாம், உதவி வருமானத்தைப் பொறுத்துத்தான் கிடைக்கும், இருந்தாலும் நிரப்பி வையுங்கள். ஒன்று கவனம்: குப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்ஸா குவார்ட்டர் முறை, அங்கே டிகிரிக்கு 90 யூனிட். ஒரு குவார்ட்டர் யூனிட் செமஸ்டர் கணக்கில் மூன்றில் இரண்டு பங்குதான். இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மதுரை மார்க் ஷீட்டுகளைத் தேடி எடுங்கள். வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கமான நேசஸில் உறுப்பினராக உள்ள ஒரு நிறுவனத்திடம் பாடவாரியாக மதிப்பீடு வாங்கிக் கொடுத்தால், பாஸ் செய்த பேப்பர்களில் சிலவற்றைக் கல்லூரி ஏற்றுக்கொள்ளலாம். இங்கிலீஷைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள், அதை இங்கேதான் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த இஷ்டப் பாடக் கட்டத்தில் கணிசமான பகுதியை உங்கள் பழைய கணக்குப் பேப்பர்களே நிரப்பிவிட்டால் ஒரு செமஸ்டராவது மிச்சமாகும்.

முதல் செமஸ்டரில் ஒரே ஒரு வகுப்பு எடுங்கள், இங்கிலீஷ் சி1000 என்னும் கல்லூரி இங்கிலீஷ் வகுப்பு. பயமாக இருக்கும், தெரியும். மூன்று யூனிட் என்றாலே வகுப்பும் வீட்டுப்பாடமுமாக வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் பிடிக்கும், அதுவும் கட்டுரை எழுதும் வகுப்பு. ஆனால் எந்தப் பக்கம் போனாலும் இது வேண்டும். முன்பு மாதிரி தேர்வு வைத்துக் கீழ் வகுப்பில் உட்கார வைப்பதும் இப்போது குறைந்துவிட்டது, 2017-ல் வந்த ஏபி 705 சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலோர் நேராகவே சேரலாம். அடுத்த செமஸ்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுங்கள், அதில் உங்களுக்கு மூச்சே வாங்காது.

விண்ணப்பத்துக்குக் காசு இல்லை, இந்த வாரமே போட்டுவிடுங்கள். கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, மார்க் ஷீட் நகலோடு போய், 'எஜுகேஷன் பிளான்' போட்டுத் தாருங்கள் என்று கேளுங்கள், செமஸ்டர் வாரியாகக் கட்டம் போட்டுத் தருவார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிற மாதிரி காலை வகுப்பாகப் பார்த்து எடுங்கள். சாயங்காலம் அந்த நான்கு பேரும் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காரும் நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.